ஆடாசிட்டி: காதையும் மூளையையும் சோதிக்க ஓர் இலவச ஆய்வுக்கூடம்

ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளைப் பெரும்பாலோர் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. இசையில் எவ்வளவு காற்றில் நடக்கிறது, எவ்வளவு மூளையில் நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க இவ்வளவு கைக்கு அடக்கமான கருவி அரிது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதில் செய்து பார்க்க வேண்டிய முதல் சோதனை, இல்லாத சுருதியைக் கேட்பது. ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் திறந்து சைன் அலை, 400 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) 0.2, நீளம் 10 வினாடி என்று கொடுங்கள். அதேபோல் 600, 800. ஒவ்வொரு முறையும் டிராக்குக்குக் கீழே காலி இடத்தில் கிளிக் செய்து தேர்வை நீக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் புது ஒலி பழைய டிராக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். மூன்றையும் சேர்த்து ஓடவிட்டால் 200 ஹெர்ட்ஸ் சுருதி கேட்கும். காற்றில் அப்படி ஓர் அலையே இல்லை. அந்த மூன்று எண்களுக்கும் பொதுவான அடிப்படையை மூளை தானாகப் போட்டுக்கொள்கிறது. சிறிய செல்போன் ஸ்பீக்கரில் கனத்த ஆண் குரலை நாம் அடையாளம் காண்பதும் இப்படித்தான். சிலருக்கு மூன்றும் தனித்தனியாகவே கேட்கும்; அவர்கள் 1000, 1200 ஹெர்ட்ஸையும் சேர்த்து, எல்லா டிராக்கிலும் ஆம்ப்ளிட்யூடை 0.15 ஆக்கிக்கொள்ளலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இந்த ஆம்ப்ளிட்யூட்தான். மென்பொருள் தானாகத் தரும் அளவு 0.8. மூன்று டிராக் சேர்ந்தால் 2.4, ஒலி வெளியே போகும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை புதிய அதிர்வெண்களை உண்டாக்கும், அவற்றில் ஒன்று 400-இன் இரு மடங்கிலிருந்து 600-ஐக் கழித்தால் வரும் அதே 200! அப்புறம் நீங்கள் கேட்பது மூளையின் வேலையே அல்ல, ஸ்பீக்கரிலிருந்து வரும் நிஜமான 200 ஹெர்ட்ஸ். மூன்றையும் கலந்து, ஒலியில் உள்ள அதிர்வெண்களை வரைந்து காட்டும் பிளாட் ஸ்பெக்ட்ரத்தில் பார்த்தாலும் இந்தத் தவறு தெரியாது. உள்ளே கணக்கு, 1-ஐத் தாண்டிய அளவுகளையும் தாங்கும் 32-பிட் ஃப்ளோட்டில் நடப்பதால் அங்கே வெட்டு விழுவதில்லை. ஓடும்போது மீட்டரில் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள், அது போதும்.

அப்போதும் சந்தேகம் இருந்தால், 1954-இல் அமெரிக்க உளவியலாளர் லிக்லைடர் செய்து காட்டியதை அப்படியே செய்யலாம். தாழ்ந்த ஒலிகள் மிகுந்த பிரவுனியன் இரைச்சல் ஒரு டிராக் உண்டாக்கி, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரில் 300 ஹெர்ட்ஸ், ரோல்-ஆஃப் 48 டெசிபெல் கொடுங்கள். 0.05 அளவில் நிஜமான 200 ஹெர்ட்ஸ் சைன் ஒன்றை ஓடவிட்டு, அது முழுக்க மூழ்கும்வரை இரைச்சலை ஏற்றுங்கள். இப்போது அந்த சைனை மியூட் செய்து பழைய மூன்றையும் திறந்தால், அதே சுருதி இரைச்சலுக்கு மேலே நிற்கும். காதுக்குள் ஏற்படும் சிதைவுதான் இதற்குக் காரணம் என்ற பழைய விளக்கம் இங்கே விழுந்துவிடுகிறது. ஒரு மடிக்கணினியில் இதைக் காதாரக் கேட்க முடிவதற்காகவே இந்த மென்பொருளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஹெட்போன் இருந்தால் இன்னொன்று. 400 ஹெர்ட்ஸை முழுக்க இடப்பக்கமும் 404-ஐ முழுக்க வலப்பக்கமும் பான் செய்தால், வினாடிக்கு நான்கு விம்மல்கள் (ஒலி கூடிக் குறைவது) மெலிதாகக் கேட்கும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் மறைந்துவிடும். 3000, 3004 என்று மாற்றினால் ஹெட்போனில் விம்மல் வராது, ஸ்பீக்கரில் மட்டும் வரும். அவ்வளவு வேகமான அலையின் ஏற்ற இறக்கங்களை இரு காதுகளுக்கும் இடையே ஒப்பிட மூளையால் முடியாது. கணினியில் மோனோ ஆடியோ அமைப்பு ஆனில் இருந்தால் இந்தச் சோதனையே வீண். இந்த விம்மல் கவனத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் ஒலிக்கோப்புகளை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம், சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

ட்யூனிங் பற்றி அறிய 440, 660 இரண்டையும் ரம்ப அலையில் உண்டாக்குங்கள்; அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் அதில் உண்டு. ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்கும். 660-ஐ கீபோர்டு தரும் 659.26 ஆக்கினால் மெதுவான விம்மல் தொடங்கும்: 440-இன் மூன்று மடங்கு 1320, மற்றதன் இரண்டு மடங்கு 1318.52, வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை. சதுர அலையில் இது சரியாக வராது, அதில் இரண்டாம் சீரிசையே (இரு மடங்கு அதிர்வெண்ணே) கிடையாது.

குறைகளும் உண்டு. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிர்வெண்ணைத் திருகி மாற்ற வழியில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டோனைத் திரும்ப உண்டாக்க வேண்டும். அதிர்வெண் மாறிக்கொண்டே போகும் ஒலியைத் தரும் சர்ப் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் ஒரே சீராக ஏறுவதற்கோ இறங்குவதற்கோதான். பிளாட் ஸ்பெக்ட்ரத்தில் சைஸ் 2048 என்று இருந்தால், வினாடிக்கு 44100 மாதிரிகள் என்ற வீதத்தில் வரைபடத்தின் ஒரு கட்டம் 21.5 ஹெர்ட்ஸ் அகலம். காது எண்ணிவிடும் அந்த ஒன்றரை ஹெர்ட்ஸ் வித்தியாசம் அங்கே ஒரே மேடாகத்தான் தெரியும். 65536-க்கு மாற்றினால் கட்டம் 0.67 ஹெர்ட்ஸாகச் சுருங்கும், ஆனால் குறைந்தது ஒன்றரை வினாடி ஒலியைத் தேர்வு செய்திருக்க வேண்டும்.