பனிச்சறுக்கு பூட்டுக்கு எந்த சாக்ஸ்? ஆறு பயணம், 35 நாள் போட்டுப் பார்த்த அனுபவம்

முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு சாக்ஸ் என்றாலே பள்ளிக்கூட நினைவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அன்று கழற்றிப் போட்டது. அதற்கப்புறம் வெளியே செருப்பு, வீட்டுக்குள் வெறுங்கால். அப்படி இருந்தவள் 2018 பிப்ரவரியில் பிரான்சில் கிரெனோபிள் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாம்ரூஸ் மலையில் பனிச்சறுக்குப் பழகப் போனேன். அக்கா குடும்பம் அங்கே இருக்கிறது. மாமா வீட்டில் தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள்; புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளில் உள்ள கதைதான். 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் ழான் குளோட் கில்லி மூன்று தங்கம் வாங்கிய மலை அது என்று மாமா வண்டியில் போகும்போதே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம் நான் எடுத்துப் போனது, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய மூன்று ஜோடி பருத்தி சாக்ஸ். அதோடு அம்மா எங்கேயோ தேடிப்பிடித்துக் கொடுத்த தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி. "பனியில நிக்கப் போற, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கோ" என்றார். அப்படியே போட்டேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு மணி நேரத்தில் கால் வலி தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த பருத்தி சாக்ஸ் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. வெளி சாக்ஸ் கெண்டைக்காலிலிருந்து சுருண்டு இறங்கியிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில், கால் முன்னெலும்பின் மேல், கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பெருவிரல் நுனி வெளுத்துப்போய், கிள்ளினாலும் தெரியவில்லை.

தடித்த சாக்ஸ் போட்டால் கால் ஏன் அதிகமாகக் குளிர்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஸ்கீ பூட்டின் வெளி ஓடு கெட்டி பிளாஸ்டிக். அது நமக்காக ஒரு மில்லிமீட்டர்கூட விரிந்து கொடுக்காது. உள்ளே துணியைத் திணிக்கத் திணிக்க, அந்த அழுத்தம் முழுக்கக் கால் மேல்தான் விழுகிறது. புறங்கால் வழியாக விரல்களுக்குப் போகும் ரத்தம் நெருக்கப்படுகிறது. சூட்டைக் கொண்டுவருவதே ரத்தம்தான். அது வராத விரலுக்கு எத்தனை கம்பளி சுற்றினாலும் பயன் இல்லை. போதாக்குறைக்குப் பருத்தி. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒன்று கிடையாது, சரி. ஆனால் குடித்த வியர்வையை அது விடாது. பூட்டுக்குள் ஈரத்தோடு நாள் முழுக்க நிற்க வேண்டியதுதான்.

பூட் வாடகைக்குக் கொடுத்த கடைக்காரரிடம் மதியம் திரும்பிப் போனோம். இரண்டு சாக்ஸையும் கழற்றச் சொன்னார். பூட்டின் உள்ளே மெத்தையாக இருக்கும் லைனரை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை வைக்கச் சொன்னார். விரல் நுனி முன்னால் லேசாக முட்டும்படி நின்றேன். குதிகாலுக்குப் பின்னால் தன் இரண்டு விரல்களை விட்டுப் பார்த்தார். இரண்டு சென்டிமீட்டர் சுமாராக இடம் இருந்தால் அளவு சரியாம். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது லைனரின் வேலை. பிறகு ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸை மாட்டிவிட்டு, முழங்காலை முன்னால் மடக்கச் சொன்னார். குதிகால் பின்னால் போய் பொருந்தி உட்கார்ந்தது. விரல்களை அசைக்க முடிந்தது. இன்னொன்றையும் மாமாவை மொழிபெயர்க்கச் சொல்லிச் சொன்னார்: என் கால் முன்பக்கம் அகலம். செருப்பிலும் மணலிலும் பழகிய கால் விரல்கள் விரிந்துதான் இருக்கும். எனக்கு அகலமான பூட் வேண்டுமே தவிர, பெரிய அளவு பூட்டும் அதை அடைக்கத் தடித்த சாக்ஸும் கூடாது. பூட்டின் நீள அளவு சென்டிமீட்டரில்தான். என் கால் 24, பூட்டும் 24. அகலம் மில்லிமீட்டரில் தனியாகப் போட்டிருப்பார்கள். எனக்கு 102 சரியாக வந்தது. இதைக் காலையிலேயே தெரிந்துகொண்டிருந்தால் ஒரு கால் நகம் கறுத்திருக்காது.

அன்று முதல் இன்றுவரை நான்கு விதமான சாக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டேன். கம்பெனிப் பெயரைவிட லேபிளில் உள்ள கலவை விகிதம்தான் முக்கியம் என்பது என் அனுபவம். 2018இல் அந்தக் கடையிலேயே வாங்கியது முழுக்க செயற்கை இழை. விலை குறைவு, இன்றைக்கும் ஓட்டை விழவில்லை. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலமே நாற்றம். வெயில் நாளில் பரவாயில்லை, பனி கொட்டும் நாளில் விரல் குளிர்கிறது. 2019இல் ஆசைப்பட்டு, முக்கால் பங்குக்கு மேல் மெரினோ என்ற ஆட்டு வகையின் மெல்லிய கம்பளி உள்ளதை வாங்கினேன். மெரினோ இழை 20 மைக்ரானுக்குப் பக்கம்தான், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது; அதனால் குத்தாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்த மாதிரித் தெரியாது. போட்ட சுகம் சொல்லி மாளாது. ஆனால் பன்னிரண்டே நாளில், 2020 பயணம் முடியும்போது, குதிகால் பக்கம் வலைபோல் தேய்ந்துவிட்டது.

2023இல் வாங்கிய மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மெரினோ பாதிக்குக் கொஞ்சம் குறைவு, மீதி நைலான், இறுக்கத்துக்குக் கொஞ்சம் எலாஸ்டேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி வரை ஏறி நிற்கும் நீளம். முன்னெலும்பில் மட்டும் மெல்லிய மெத்தை, பாதத்தில் நகத்தின் கனம்தான். விரல் பக்கத் தையல் தட்டை. இடது, வலது என்று தனித்தனியாக எழுத்து போட்டிருக்கும். முதலில் விளம்பர வேலை என்று நினைத்தேன், மாற்றிப் போட்ட அன்று சுண்டுவிரல் பக்கம் துணி சேர்ந்து நின்று உறுத்தியபோதுதான் நம்பினேன். பதினேழு நாள் ஓடியிருக்கிறது. நான்காவது, மாமா ஆசையாகக் கொடுத்தது. அதே வகைதான், ஆனால் ஐரோப்பிய ஷூ அளவில் 39 முதல் 42 வரைக்கானது. அந்தக் கணக்கில் என் கால் 38. குதிகாலுக்கான குழி கணுக்காலுக்கு மேலே ஏறி மடிந்து நின்றது, அரை நாளில் கொப்புளம். சாக்ஸ் அளவில் தாராளம் காட்டாதீர்கள்.

பெண்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும், இதை எந்தப் பூட் கடைக்காரரும் சொல்ல மாட்டார். மெட்டி. மெல்லிய சாக்ஸுக்குள், அசையாத ஓட்டுக்குள், இரண்டாம் விரலில் வெள்ளி வளையம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2019இல் கண்டேன். சாயங்காலம் விரல் வீங்கி, மெட்டி உள்ளே புதைந்து, சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழற்றினோம். வெள்ளி குளிரையும் கடத்தும். கொலுசும் அப்படித்தான், கணுக்கால் எலும்பில், பூட்டை இறுக்கும் பக்கிளின் அழுத்தம் மொத்தமும் அந்த முத்துகளில் இறங்கும். ஊருக்கு வந்து மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "மலையில இருக்கற வரைக்கும் கழட்டித் தாலிச் சரடுல கோத்துக்கோ, எறங்கினதும் போட்டுக்கோ" என்றார். அன்று முதல் அப்படியே செய்கிறேன். தெர்மல் பேண்டும் பூட்டுக்குள் போகக் கூடாது. அதன் விளிம்பை சாக்ஸுக்கு மேலே, பூட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும். பூட்டுக்குள் தோலும் சாக்ஸும் மட்டும்தான்.

அக்கா மகன் ஸ்னோபோர்டு ஆள், இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குபவன். அவனுடைய பூட் மெத்தென்று, கயிறு இழுத்துக் கட்டுவது. என் சாக்ஸைப் போட்டுப் பார்த்தவன், "சித்தி, இது எனக்குத் தப்பான இடத்தில மெத்தை வெச்சிருக்கு" என்றான். உண்மைதான். ஸ்கீயில் நாம் முன்னால் சாய்வதால் முன்னெலும்பு அடி வாங்கும். ஸ்னோபோர்டில் பலகையோடு பூட்டைப் பிடிக்கும் பைண்டிங்கின் முதுகுத் தகடு கெண்டைக்காலில் அழுத்தும். விரல் பக்கம் எடை போடும்போது குதிகால் தூக்கும். அவனுக்குப் பின்பக்கம் மெத்தை உள்ளது, கொஞ்சம் நடுத்தர கனம்கூடப் போதும். பூட் இளக்கமாக இருப்பதால் அது தாங்கும். காலுக்கு ஒரே சாக்ஸ் போதும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

2024இல் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போனோம். அந்த ஜனவரி முழுக்கப் பனியே இல்லை என்று செய்தி வந்து பயந்திருந்தோம், பிப்ரவரியில் கொட்டித் தீர்த்தது. ரோப் காரின் இரண்டாம் கட்டம் ஏறினால் 3,900 மீட்டருக்கும் மேலே அபர்வத் மலை. ஷாம்ரூஸைவிடப் பல மடங்கு குளிர். அங்கேதான் ஈரத்தின் அருமை தெரிந்தது. அறையிலிருந்தே சாக்ஸ் போட்டு நடந்து போனால், மேலே போவதற்குள் கால் வியர்த்துவிடும். அதனால் பூட் மாட்டும் நிமிஷத்தில்தான் காய்ந்த சாக்ஸைப் பையிலிருந்து எடுத்துப் போடுவேன். மேலே ஏறும்போது பக்கிளைத் தளர்த்திவிடுவேன், விரலுக்கு ரத்தம் ஓடட்டும் என்று. ராத்திரி லைனரை உருவி புகாரி அடுப்புக்கு ஒரு கை தள்ளி வைத்தால் ஆவி எழும்பும். அந்த ஈரம் அப்படியே இருந்தால் மறுநாள் எந்த சாக்ஸும் உதவாது. பேட்டரி வைத்த சூடேற்றும் சாக்ஸைத் தோழி ஒருத்தி கொண்டுவந்திருந்தாள். ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம், எனக்குத் தேவைப்படவில்லை. லித்தியம் பேட்டரி என்பதால் விமானத்தில் கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

பனியே இல்லாத நம் ஊரில் பூட்டும் சாக்ஸும் போட்டுப் பார்ப்பது எப்படி என்று கேட்பார்கள். 2023க்கு முன் சொந்தமாக பூட் வாங்கினேன். டிசம்பரில் தினமும் அரை மணி நேரம், மின்விசிறிக்குக் கீழே, சாக்ஸும் பூட்டும் மாட்டி உட்கார்ந்து முழங்காலை மடக்கி மடக்கிப் பழகினேன். எங்கே உறுத்துகிறது என்பது பத்து நிமிஷத்தில் தெரியாது, இருபத்தைந்தாவது நிமிஷத்தில் தெரியும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன்.

நம் ஊரில் சாக்ஸுக்குப் பெரிய எதிரி பனி கிடையாது, கடல் காற்றும் பூச்சியும்தான். மாற்றிப் புரட்டி, பச்சைத் தண்ணீரில், கம்பளிக்கான சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் காயப்போடுவேன். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் ஈரம் உறிஞ்சும் குணம் கெடும். 2021இல் பயணம் இல்லாத வருஷம், ஐப்பசி மழைக்குப் பிறகு அலமாரியைத் திறந்தால், மெரினோ சாக்ஸில் கடுகளவு ஓட்டைகள், பழைய செயற்கை சாக்ஸின் மேல்பட்டையில் எலாஸ்டிக் இழுத்தால் நொறுங்கும் சத்தம். இப்போது நன்றாகக் காய்ந்த பிறகு, மூடி இறுகும் டப்பாவில் உலர்ந்த வேப்பிலையோடு வைக்கிறேன். மாதம் ஒரு தடவை எடுத்துக் காற்றாட விடுகிறேன்.

தேய்ந்துபோன அந்த 2019 ஜோடியை மாமியார் அதே நிற நூலால் அவ்வளவு அழகாக இழையோட்டிக் கொடுத்தார். ஆசையாகப் பூட்டுக்குள் போட்டுப் பார்த்தேன், தையல் மேடு குதிகாலில் கொப்புளம் போட்டுவிட்டது. மார்கழி விடியலில் பீச் ரோட்டில் நடக்கப் போகும்போது ஷூவுக்குள் போட்டுக்கொள்கிறேன்.