துறை கம்பெனியாகும்போது: ஊழியருக்கு எந்த வழி பாதுகாப்பு?

அரசுத் துறையைக் கம்பெனியாக்கும்போது “யாருக்கும் வேலை போகாது” என்ற உறுதிமொழி தவறாமல் வரும். பெரும்பாலும் அது காப்பாற்றவும் படுகிறது. ஊழியருக்கு அடி விழுவது வேறு இடத்தில்: ஓய்வூதியத்தை யார் தருவது, அடுத்த ஊதியத் திருத்தம் யார் கையில், சீனியாரிட்டி எந்தப் பட்டியலில்?

மூன்று வழிகளைப் பார்ப்போம். முதலாவது, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிறந்த பிஎஸ்என்எல் போன நிரந்தரப் பணி ஈர்ப்பு வழி: அரசு ஊழியரை நிறுவனத்தின் சொந்த ஊழியராகவே ஆக்கிக்கொள்வது. சங்கத்தார் பேச்சில் ‘அப்சார்ப்ஷன்’. 2000 அக்டோபர் 1 அன்று நிறுவனம் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தின நாள்தான் மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 37ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. அதன்படி ஊழியர்கள் முதலில் மொத்தமாக, அதற்கான கூடுதல் படி (டெபுடேஷன் படி) ஏதுமின்றி, அயற்பணியாக, அதாவது அரசு ஊழியராக இருந்தபடியே வெளி நிறுவனத்தில் வேலை செய்ய, அனுப்பப்படுவர். பிறகு ஒவ்வொருவரும் விருப்பம் எழுதித் தர வேண்டும். அரசுக்குத் திரும்ப விரும்பினால் பழைய இருக்கை கிடைக்காது; உபரி ஊழியர் பிரிவு மூலம் வேறு துறையில் இடம். நிறுவனத்திலேயே தங்கினால் இரண்டு பணிக்காலமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு, அரசு விதிப்படி ஓய்வூதியம். விதியிலேயே எழுதப்பட்டதால் இந்த உரிமை எந்த அதிகாரியின் சுற்றறிக்கையையும் நம்பி இல்லை. இதன் பெரிய பலம் இதுதான்.

பலவீனம் சம்பளத்தில். ஈர்க்கப்பட்டவர் ஊதியக் குழுவின் வரம்பிலிருந்து வெளியேறி, நிறுவனத்தின் லாப நஷ்டத்தோடு கட்டப்படுகிறார். 2017 ஜனவரி 1 முதல் வரவேண்டிய திருத்தம் நஷ்டத்தால் உரிய நேரத்தில் வரவில்லை. ஓய்வு பெற்றோரின் திருத்தமும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. 2019இல் 50 வயது தாண்டியோருக்கு விருப்ப ஓய்வு அறிவித்தார்கள்: முடித்த ஆண்டுக்கு 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஆண்டுக்கு 25 நாள் சம்பளம். 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78,500 பேர், ஏறத்தாழ பாதி ஊழியர்கள், ஒரே நாளில் வெளியேறினர். சட்டப்படி இது ஆட்குறைப்பு அல்ல. மிஞ்சியவர் தலையில் இருவர் வேலை விழுந்ததும் உண்மை. நிறுவனம் உருவான பின் நேரடியாகச் சேர்ந்தவருக்கு 37ஏ பொருந்தாது, வருங்கால வைப்பு நிதிதான். ஒரே எக்ஸ்சேஞ்சில் அடுத்தடுத்த மேசைகளில் இரண்டு வகை முதுமை காத்திருக்கிறது.

ராணுவத்துக்கு ஆயுதமும் தளவாடமும் செய்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தில் இரண்டாவது வழி. 2021 அக்டோபர் 1 அன்று 41 ஆலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிந்தன. ஆவடியில் டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்கும், ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை இன்னொரு கம்பெனிக்கும் போயின. ஊழியர்கள் ‘அயற்பணியில் இருப்பதாகக் கருதப்படுவோர்’ ஆனார்கள். மத்திய அரசு ஊழியர் என்ற தகுதி, ஊதியக் குழு, பழைய பணி விதிகள் எல்லாம் அப்படியே. சம்பளத்தில் இதன் பலம் இதுதான். ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. முதலில் சொன்னது இரண்டு ஆண்டு. பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. ஆலை மாற்றம் கேட்பவருக்குக் கம்பெனி எல்லை குறுக்கே நிற்கிறது. நீட்டிப்பு ஆணையை எதிர்பார்த்தே வாழ்க்கையைத் திட்டமிடுவது எந்தக் குடும்பத்துக்கும் நியாயமில்லை.

மூன்றாவது, சட்டவழி மாற்றம். தமிழ்நாடு மின்வாரியம் 2010 நவம்பர் 1 முதல் கம்பெனிகளாக மாறியது இப்படித்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, மாற்றப்படும் ஊழியரின் பணி நிபந்தனைகள், மாற்றமே நடக்காதிருந்தால் பொருந்தியிருக்கக் கூடியவற்றைவிட எவ்விதத்திலும் குறையக் கூடாது என்கிறது. வலுவான வாசகம். ஆனால் ஓய்வூதியத்துக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று அந்த வாசகம் சொல்வதில்லை. அந்த இடைவெளியை அடைப்பதுதான் அரசு, நிர்வாகம், சங்கங்கள் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம். கேரளம் மின்வாரியத்தைத் துண்டாக்காமல் 2013இல் ஒரே கம்பெனியாக்கி, 2014இல் முத்தரப்பு ஒப்பந்தம் போட்டு, ஓய்வூதியத்துக்குத் தனி அறக்கட்டளையும் வைத்தது. ஒரே கம்பெனி என்பதால் சீனியாரிட்டிப் பட்டியலையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கணிப்பில், மறுசீரமைப்பு தவிர்க்க முடியாது என்றால் கேட்டுப் பெற வேண்டிய மாதிரி இதுதான். நிதியைத் தவறாமல் நிரப்புகிறார்களா என்று ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும் சங்கத்தின் வேலை.

மூன்று வழிக்கும் பொதுவான ஆபத்து பணிப்பதிவேட்டில், அதாவது ஊழியரின் பணிக்கால விவரமெல்லாம் பதியும் ஏட்டில், இருக்கிறது. அலுவலகம் கைமாறும்போது சரிபார்ப்புக் கையெழுத்தில்லாத ஆண்டுகள், பதியாத ஈட்டிய விடுப்பு, பழைய வாரிசு நியமனம் எல்லாம் கேட்பாரற்றுப் போகும். ஓய்வு பெறும்போதுதான் கணக்கு அதிகாரி அதைக் கையில் எடுப்பார். அப்போது சான்று தர வேண்டிய அலுவலகமே இருக்காது. எனவே மாற்ற நாளுக்கு முன்பே பதிவேட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் சான்றொப்பமிட்ட நகல், கடைசி ஊதியச் சான்று, சேமநல நிதி இருப்பு மூன்றையும் வாங்கிவிட வேண்டும். விருப்பக் கடிதம் ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாதது. ஓய்வூதியம் பற்றிய ஆணை கைக்கு வராமல் அதில் கையெழுத்திட வேண்டாம். கடைசி நாளுக்குள் பதில் தராதவரை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.