மொத வேலைக்கு போற நர்ஸுங்களுக்கு: நான் ஃப்ரெஷரா சேர்ந்த ஆஸ்பத்திரி பத்தி ஒரு ரிவ்யூ

திருச்சி பக்கம், 200 பெட்டுக்கு மேல இருக்கிற பிரைவேட் ஆஸ்பத்திரி. பேரு போடல, தெரிஞ்ச புள்ளைங்க இன்னும் அங்க டியூட்டில இருக்காங்க. பி.எஸ்சி நர்சிங் முடிச்சு நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வந்த கையோட சேர்ந்தேன், ஆம்பளைங்க மெடிக்கல் வார்டு போட்டாங்க. 5க்கு 3 குடுப்பேன், அதுலயும் பெரும்பங்கு அங்க இருந்த சீனியர் அக்காங்களுக்குத்தான்.

இன்டர்வியூல ஒரு மாசம் ஓரியன்டேஷன், அதுவரைக்கும் சீனியர் கூடவே நிக்கலாம், தனியா பேஷண்ட் குடுக்க மாட்டோம்னாங்க. ஆரம்பத்துல கிளாஸ் எல்லாம் நல்லாவே எடுத்தாங்க, கை கழுவுறது, ஊசி கையில குத்திட்டா யார்கிட்ட சொல்லணும், எந்த வேஸ்ட் மஞ்ச கவர்ல போகணும் எது செவப்புல போகணும்னு எல்லாமே. அப்புறம் வார்டுல ரெண்டு சீனியர் ஒரே சமயத்துல பேப்பர் போட்டாங்க, ஒருத்தங்களுக்கு சவுதி விசா வந்துருச்சு, இன்னொருத்தங்க ஜெர்மனி போறதுக்கான பி2 மொழி பரீட்சை பாஸ் பண்ணிட்டாங்க. அதோட எங்க ஓரியன்டேஷனும் முடிஞ்சுது. ரோஸ்டர்ல என் பேருக்கு நேரா இருந்தத அடிச்சிட்டு நைட்டுன்னு எழுதிட்டாங்க. போனவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கா உழைச்சவங்க, வீட்டுல கடன் இருக்கு. அந்த இடத்துக்கு ஆள் எடுக்காம, கத்துக்க வந்த புள்ளைங்கள வெச்சு ரொப்புனதுதான் தப்பு.

வார்டுல 6 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், வென்டிலேட்டர்ல இருந்தா ஒருத்தருக்கு ஒருத்தர், இதுதான் ஆஸ்பத்திரிகளுக்கு தரச்சான்று குடுக்கிற என்.ஏ.பி.எச் சொல்ற கணக்கு. எங்க வார்டுல நைட்ல ஒரு ஆளுக்கு பதினாலு பதினஞ்சு பேர் வரும். 8 மணிக்கு முந்தின ஷிஃப்ட்காரங்ககிட்ட ஓவர் எடுத்துட்டு 10 மணி மருந்த ஆரம்பிச்சா, ஒரு பெட்ல கேனுலா (மருந்து ஏத்த நரம்புல சொருகுற சின்ன ட்யூப்) வெளிய வந்துருக்கும், இன்னொருத்தர் அட்டெண்டர் வந்து சிஸ்டர் பாட்டில் முடிஞ்சிருச்சும்பாரு, அதுக்குள்ள கேஷுவால்டில இருந்து புது அட்மிஷன் மேல ஏறிடும், சுகர் பாக்கணும், யூரின் அளந்து எழுதணும், எல்லாத்தையும் ஓட ஓட பண்ணிட்டு சார்ட் எழுத உக்காரும்போது விடிஞ்சிரும். பிபி கொறையுதா, மூச்சு வாங்குதான்னு பக்கத்துல நின்னு பாக்கத்தான் நாலு வருஷம் படிச்சோம், அதுக்குத்தான் நேரமே இருக்காது.

இதுக்கு நடுவுலயும் எனக்கு வேலை கத்துக்குடுத்தது எதிர் விங்ல இருந்த ஒரு அக்கா. ஒரு நாள் ராத்திரி ஒரு பெரியவருக்கு பொட்டாசியம் கொறஞ்சு போச்சு, நார்மல் சலைன்ல பொட்டாசியம் குளோரைடு கலந்து ஏத்தணும்னு டாக்டர் எழுதிட்டு போயிட்டாரு. ஒரு ஆம்பூல் 10 எம்எல், அதுல 20 மில்லி-ஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியம், அத நேரா வெயின்ல போட்டா இதயம் நின்னுரும், எல்லாரும் படிச்சதுதான். ரெண்டு பேர் பாத்துத்தான் போடணும்னு ரூல், ஆனா ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது? ஃபோன் பண்ணேன். அவங்களுக்கும் அங்க பதினஞ்சு பேஷண்ட், இருந்தும் வந்தாங்க. ஆம்பூல் பேர வாய்விட்டு படிக்க சொன்னாங்க, கலந்ததும் பாட்டில நாலஞ்சு தடவ தலகீழா கவுத்து நல்லா கலக்க சொன்னாங்க, இல்லன்னா மருந்து அடியில தங்கி மொதல்லயே கெட்டியா எறங்கிரும்னாங்க, லேபிள்ல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம், பம்ப்ல ரேட் செட் பண்றத பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க. "நான் வராம ஏத்தாத பாப்பா, லேட்டானா ஆகட்டும், திட்டு வாங்கிக்கலாம்"னாங்க. அந்த ஒரு மாச ஓரியன்டேஷன்ல கெடச்சிருக்க வேண்டியது இதுதான்.

நல்லதையும் சொல்லிடறேன். இன்ஃபியூஷன் பம்ப் வேலை செய்யும், கிராஷ் கார்ட்ட (அவசரத்துக்கு உயிர் காக்குற மருந்து, கருவி வெச்ச வண்டி) ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் செக் பண்ணுவாங்க, கிளவுஸ் மாஸ்க்குக்கு என்னைக்கும் பஞ்சம் வந்தது இல்ல. ஹாஸ்டல் சேஃப், தண்ணி வரும், சாப்பாடு சுமார்.

சம்பளம் பிடித்தம் போக பதினாலாயிரம் சொச்சம். 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி, 200 பெட்டுக்கு மேல இருக்கிற பிரைவேட் ஆஸ்பத்திரில அந்த மாநில அரசு நர்ஸுக்கு சமமா சம்பளம் குடுக்கணும், 50 பெட்டுக்கு கீழ இருந்தாலும் 20,000க்கு கொறையக்கூடாதுன்னு சொல்லுச்சு. இத எச்.ஆர் கிட்ட கேட்டா மேனேஜ்மென்ட்ல பேசுறோம்பாங்க, அவ்வளவுதான். அரசு வேலையும் உடனே நிம்மதின்னு நெனைக்காதீங்க, 2015ல எம்.ஆர்.பி (தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற வாரியம்) பரீட்சை எழுதி போனவங்களுக்கே மொதல்ல 7,700தான் தொகுப்பூதியம், 2017ல சென்னை டி.எம்.எஸ் (மருத்துவத்துறை இயக்குநரகம்) வளாகத்துல உக்காந்து போராடினாங்க.

அப்ப சேரலாமா? கூட ஒரு ஃப்ரெண்ட் சேர்றாங்கன்னா சேருங்க, ஒரு வருஷத்துல கை நல்லா பழகிரும், கேனுலா போடுறதுக்கு யாரையும் எதிர்பாக்க மாட்டீங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி இன்டர்வியூல சம்பளத்த மட்டும் கேட்டுட்டு வராதீங்க, நைட்ல வார்டுல எத்தன ஸ்டாஃப், என் கூட நிக்கப்போற சீனியர் யாரு, அவங்க லீவுன்னா யாருன்னு கேளுங்க. முடிஞ்சா அந்த வார்டுல டியூட்டி பாக்குற புள்ளைங்கள கேன்டீன்ல பிடிச்சு அதையே கேளுங்க, ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஐ.சி.யூல நேரா போட்டா வேணாம்னு சொல்லிடுங்க, ஆள் இல்லாத நேரத்துல புதுசா வந்தவங்கள அங்க தனியா விடுறது உங்களுக்கும் ஆபத்து பேஷண்டுக்கும் ஆபத்து. ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேப்பாங்க, காட்டிட்டு கையோட வாங்கிட்டு வந்துருங்க, ஜெராக்ஸ் போதும்.