இம்ப்ரெஷனா, ரீச்சா, வியூஸா: எந்த எண் எதற்கு உதவும்?

ஒரு பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற கேள்வி எளியதுதான்; ஆனால் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கருவிகள் அதற்கு இம்ப்ரெஷன், ரீச், வியூஸ், வியூவபிலிட்டி என்று நான்கு விதமாக விடை சொல்கின்றன. அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் இவற்றுள் பெரியதைத் தேர்ந்து முதல் பக்கத்தில் வைக்கிறார்கள். அது அநேகமாக இம்ப்ரெஷனாகவே இருக்கும்.

இம்ப்ரெஷன் காட்டப்பட்ட தடவைகளை எண்ணுகிறது. ரீச் பார்த்த பயனர் கணக்குகளை எண்ணுகிறது. ஒரே நபரின் திரையில் ஒரு பதிவு மூன்று முறை வந்தால் இம்ப்ரெஷன் 3, ரீச் 1. புதிய பொருளை அறிமுகப்படுத்தும்போது நான் ரீச்சையே முதலில் பார்ப்பேன். ஏனெனில் 10,000 இம்ப்ரெஷன் 8,000 பேரிடம் பரவியிருப்பதும், 1,000 பேரைப் பத்துப் பத்து முறை துரத்தியிருப்பதும் ஒன்றல்ல. ஆனால் ரீச்சில் ஒரு வில்லங்கம் உண்டு: அதைக் கூட்ட முடியாது. திங்களன்று 1,000, செவ்வாயன்று 1,000 என்றால் இரண்டு நாளுக்கான ரீச் 1,000 முதல் 2,000 வரை எதுவாகவும் இருக்கலாம். நாள்வாரி ரீச்சை எக்செல்லில் கூட்டி மாத ரீச் என்று எழுதுவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், பிழையே.

தேடுபொறியில் நிலைமை வேறு. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் அறிக்கைக் கருவியான சர்ச் கன்சோலில், பயனர் திறந்த தேடல் முடிவுப் பக்கத்தில் உங்கள் இணைப்பு இடம்பெற்றிருந்தால் போதும். அவர் அதுவரை கீழே நகர்த்திப் பார்க்காவிட்டாலும் பொதுவாக அது இம்ப்ரெஷனாகப் பதிவாகும். இதற்குப் போட்டியாகப் பலர் நம்புவது சராசரி இடம் என்ற எண்ணை, அதாவது தேடல் முடிவுகளில் உங்கள் பக்கம் சராசரியாக எத்தனையாவதாக வருகிறது என்பதை. அது இன்னும் ஏமாற்றக்கூடியது. ஒரு தேடல் சொல்லுக்கு 4-ஆம் இடத்தில் 100 இம்ப்ரெஷன் பெற்றுவந்த பக்கம், புதிதாக இன்னொரு சொல்லுக்கு 60-ஆம் இடத்தில் 100 இம்ப்ரெஷன் பெறத் தொடங்கினால், சராசரி 32-க்குச் சரிந்துவிடும். பழைய இடமும் கிளிக்குகளும் அப்படியே இருக்க, கிளிக் விகிதம் (இம்ப்ரெஷன்களில் கிளிக் ஆனவற்றின் பங்கு) மட்டும் ஏறக்குறைய பாதியாகத் தெரியும். பக்கம் வளர்ந்திருக்கிறது, அறிக்கையோ வீழ்ச்சி என்கிறது. ஆகவே ஒவ்வொரு தேடல் சொல்லாகப் பிரித்துப் பார்க்காத சராசரி இடத்தை நான் அறிக்கையில் சேர்ப்பதே இல்லை.

வீடியோவில் வியூ என்ற சொல்லே தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஃபேஸ்புக்கில் 3 நொடி என்ற அளவு நெடுநாள் வழக்கில் இருந்தது. யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ அது ஒரு வியூ. முந்தைய கண்டிப்பான கணக்கு வேறொரு பெயரில் தனியாக நீடிக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரைபடத்தில் வைத்து வளர்ச்சி என்று காட்டுவது நேர்மையன்று. வியூஸை விட பார்த்த நேரம் மேலானது என்றாலும், அதிலும் வகுக்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும். 3 நொடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுத்ததால் சராசரிப் பார்வை நேரம் மிகையாகக் காட்டப்பட்டது என்று 2016-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

பணம் கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும் விட வியூவபிலிட்டி, அதாவது காட்டப்பட்ட விளம்பரங்களில் உண்மையில் கண்ணில் பட வாய்ப்பிருந்தவற்றின் பங்கு, பயன்படும். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வகுத்த அளவின்படி, பட விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடி தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். வீடியோவுக்கு இரண்டு நொடி. ஒரு நொடி என்பது மிகத் தாராளமான வரம்புதான், அதற்குள் எவரும் எதையும் வாசித்துவிட மாட்டார்கள். இருந்தும் விலையை ஒப்பிட அது போதும். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 60 ரூபாய் கேட்கும் தளத்தில் 30 சதவீதமே கண்ணில் படுகிறது, 100 கேட்கும் தளத்தில் 70 சதவீதம் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கண்ணில் பட வாய்ப்புள்ள ஆயிரத்துக்கு முதல் தளத்தில் ஆகும் செலவு 200, இரண்டாவதில் சுமார் 143.