ஒரே ஸ்டாஃபில் இரண்டு டைனமிக்ஸ்: மியூஸ்ஸ்கோரா, டோரிகோவா?

காரைக்குடியில் எங்கள் கீபோர்டு வகுப்புப் பிள்ளைகளுக்காக, இந்தப் பக்கத்து வீடுகளில் பாடும் தாலாட்டு ஒன்றை ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பில்) எழுத வேண்டியிருந்தது. வலது கைக்கே இரண்டு அடுக்கு. ஸ்டாஃபில் தனியாக ஓடும் ஒவ்வொரு இசைவரியையும் வாய்ஸ் என்பார்கள். மேல் வாய்ஸில் மெட்டு, மெட்சோ ஃபோர்ட்டே, அதாவது ஓரளவு உரத்து. அதே ஸ்டாஃபில் கீழ் வாய்ஸில் தொட்டிலின் அசைவைச் சொல்லும் சுரங்கள், பியானிசிமோ, அதாவது மிக மென்மையாக. இப்படிச் சத்த அளவைச் சொல்லும் குறிகள்தான் டைனமிக்ஸ். மியூஸ்ஸ்கோர், டோரிகோ என்ற இரண்டு இசைக்குறிப்பு மென்பொருளிலும் எழுதிப் பார்த்துவிட்டு மியூஸ்ஸ்கோரைத் தேர்ந்துகொண்டேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மியூஸ்ஸ்கோர் முழுவதும் இலவசம். டோரிகோவுக்கு இலவசப் பதிப்பு உண்டு, முழு வசதி வேண்டுமானால் காசு.

டோரிகோ 2016இல் வந்தது. இந்த வேலையில் அதன் கைவண்ணம் அருமை. ஷிஃப்ட்டும் டி-யும் அழுத்தி, குறியைத் தட்டி, ஆல்ட்டோடு என்டர் கொடுத்தால் அது அந்த ஒரு வாய்ஸுக்கு மட்டுமே சேரும். வயலின், ஆர்கன் போல நீண்டு ஒலிக்கும் ஒலிகளுக்கு வாய்ஸ் வாரியாகத் தனி பிளேபேக்கும் வைக்கலாம். பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வெலாசிட்டி (கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டுவது என்ற அளவு) கொடுத்தாலே போதும். நீண்ட ஒலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிடி கட்டளை (மென்பொருள் ஒலிக்கருவிக்கு அனுப்பும் சைகை) சேனல் முழுவதற்கும் பொது என்பதால் அங்கே தனி பிளேபேக் தேவைப்படுகிறது. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுபவர்களுக்கு இது முக்கியமாக இருக்கலாம். நான் எழுதியதெல்லாம் கீபோர்டுக்குத்தான்.

மியூஸ்ஸ்கோரில் முன்பு இது சிரமம். வாய்ஸைப் பிரிக்க, மறைத்து வைத்த இன்னொரு ஸ்டாஃப் போன்ற சுற்றுவழிதான். 2024இல் வந்த 4.4 பதிப்பில் நேராக வந்துவிட்டது. குறியைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் பகுதியில் கருவி முழுவதற்குமா, இந்த ஸ்டாஃபுக்கா, இந்த வாய்ஸுக்கு மட்டுமா என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு: பின்னால் திருத்துவது. பாடம் எழுதியதோடு முடிவதில்லை. தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ ஒரு பிள்ளை வீட்டு லேப்டாப்பில் அதைத் திறந்து, கை சின்னதாக இருப்பதால் கீழ்ச் சுரம் ஒன்றை எடுத்துவிடுவாள். அடுத்து வரும் ஆசிரியர் மெட்டை இன்னும் மென்மையாக்குவார். அவர்கள் எல்லோருக்கும் அதே மென்பொருள் கையில் இருக்க வேண்டும். மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தைக் கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், சுரங்களும் குறிகளும் வரும். ஆனால் எந்தக் குறி எந்த வாய்ஸுக்கு என்ற விவரமும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஸ்டாஃபின் ஒவ்வொரு தாளக் கட்டமாகச் சரிபார்க்க வேண்டும். அடுக்கு டைனமிக்ஸ் என்பது அந்தந்த மென்பொருளின் சொந்தக் கோப்பிலேயே உயிரோடு இருக்கும் விஷயம். 2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, பல ஆண்டுக் கோப்புகளை வைத்திருந்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். திறந்த மூல மென்பொருள் என்பதால் மியூஸ்ஸ்கோரில் அந்தக் கவலை எனக்குக் குறைவு.

அப்புறம், எதில் எழுதினாலும் பிரின்ட் எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். காகிதத்தில் பிராப்பர்ட்டீஸ் கிடையாது. மேல் வாய்ஸின் குறி ஸ்டாஃபுக்கு மேலேயும் கீழ் வாய்ஸின் குறி கீழேயும் இருந்தால்தான் வாசிப்பவருக்கு எது எதற்கு என்று புரியும். சத்தம் கூடுவதையும் குறைவதையும் காட்டும் ஹேர்பின் குறிக்கும் அதே கணக்குதான்.