கம்பெனி மூடிய பின் வாங்கும் குரூசர்: பிக் டாக், அயர்ன்ஹார்ஸ், கில்ராய் இண்டியன் ஓர் ஒப்பீடு

2000-களின் முதல் சில ஆண்டுகளில் அமெரிக்காவில் சாப்பர் (முன்சக்கரம் நீண்டு தள்ளி நிற்கும் பாணி மோட்டார் சைக்கிள்) மோகம் உச்சத்தில் இருந்தபோது 30,000 டாலர் அளவில் விற்ற குரூசர்கள் (தாழ்வான இருக்கையில் நிதானமாக ஓட்டும் கனமான மோட்டார் சைக்கிள்கள்), இன்று அதில் ஒரு பகுதி விலைக்கே கைமாறுகின்றன. அவற்றைச் செய்த நிறுவனங்கள் பல இப்போது இல்லை. கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் 1994-இல் தொடங்கிய பிக் டாக், 2011-இல் உற்பத்தியை நிறுத்தியது. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 1995-இல் பிறந்த அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் 2008-இல் கதவடைத்தது. இண்டியன் என்ற பழம்பெயரை வாங்கி, கலிபோர்னியாவின் கில்ராயில் 1999 முதல் வண்டி கட்டிய நிறுவனம் 2003-இல் மூடப்பட்டது. மினசோட்டாவின் எக்ஸெல்சியர்-ஹென்டர்சன், சூப்பர் எக்ஸ் என்ற ஒரே மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டின் முடிவிலேயே திவால் மனு கொடுத்தது. இந்த நான்கில் ஒன்றை வாங்க விரும்புகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அதன் எஞ்சினைச் செய்தது யார் என்பதைத்தான்.

பிக் டாக்கும் அயர்ன்ஹார்ஸும் எஞ்சினைத் தாங்களே வடிவமைக்கவில்லை. விஸ்கான்சினைச் சேர்ந்த எஸ் அண்ட் எஸ் சைக்கிள் நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தின. 1958-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. ஹார்லி-டேவிட்சனின் எவல்யூஷன் என்ற பழைய எஞ்சினை ஒட்டிய அமைப்பு என்பதால், கேஸ்கெட், பிஸ்டன், புஷ்ராட், கார்புரேட்டர் என எதற்கும் அலைய வேண்டியதில்லை. பழைய ஹார்லியைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் எவரும் இதிலும் கை வைக்க முடியும். பிறரிடம் எஞ்சின் வாங்கிக் கோத்த வண்டிகள் என்று அன்று இவற்றைச் சிலர் குறைத்துப் பேசினார்கள். கம்பெனி போன பிறகு வண்டியைக் காப்பாற்றுவது அந்தக் குறையேதான்.

இதற்கு நேர்மாறான நிலை எக்ஸெல்சியர்-ஹென்டர்சனுடையது. 1386 சிசி கொள்ளளவு, 50 டிகிரி வி-ட்வின் (V வடிவில் இரு சிலிண்டர்கள்), சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், மேல்நிலை இரட்டை கேம், எரிபொருள் இன்ஜெக்‌ஷன் என்று அது சொந்தமாக வடிவமைத்த எஞ்சின், அக்கால அமெரிக்கக் குரூசர்களிடையே தனித்து நின்றது. பொறியியல் நோக்கில் நான் மிகவும் மதிக்கும் வண்டி அது. எனினும் 2,000-ஐக்கூட எட்டாத எண்ணிக்கையில் செய்யப்பட்டு, வேறெந்த வண்டியோடும் பாகம் பகிராத எஞ்சின் பழுதானால், இன்னொரு சூப்பர் எக்ஸைப் பிரித்தவரைத் தேடித்தான் போக வேண்டும். சேகரிப்பாளருக்கு அது பொக்கிஷம்; ஓட்ட நினைப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கில்ராய் இண்டியனில் இந்த வேறுபாடு ஒரே கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் எல்லா மாடல்களிலும் எஸ் அண்ட் எஸ்ஸின் 88 கன அங்குல எஞ்சின்தான் இருந்தது. 2002-இல் சீஃப் மாடலுக்கு மட்டும் பவர்பிளஸ் 100 என்ற சொந்த எஞ்சின் வந்தது. பார்வைக்கு அழகானதும் விளம்பரங்களில் முன்னிற்பதும் அந்தப் பிந்தைய சீஃப்தான். பாகத்துக்குத் தவிக்க விடக்கூடியதும் அதுவே. ஆகவே கில்ராய் வண்டிதான் வேண்டும் என்பவர் ஸ்கவுட் மாடலையோ, 88 எஞ்சின் கொண்ட முந்தைய சீஃப்பையோ பார்ப்பது நல்லது. அமெரிக்க வாகன நிறுவனமான பொலாரிஸ் 2011-இல் இண்டியன் பெயரை வாங்கியதால் ஷோரூமில் உதவி கிடைக்கும் என்று சிலர் நம்பி வாங்குகிறார்கள். பொலாரிஸ் வடிவமைத்த இன்றைய இண்டியன் எஞ்சினுக்கும் கில்ராய் வண்டிக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.

எனவே உண்மையான போட்டி பிக் டாக்குக்கும் அயர்ன்ஹார்ஸுக்கும் இடையில்தான். இங்கே எஞ்சின் ஏறத்தாழச் சமம். பிக் டாக்கில் பெரும்பாலும் 107, பின்னர் 117 கன அங்குலம். அயர்ன்ஹார்ஸில் 111, 117, சில வண்டிகளில் 124. வேறுபாடு மற்ற பாகங்களில் இருக்கிறது. அயர்ன்ஹார்ஸ் டெக்சஸ் சாப்பர், ஸ்லாமர், லெஜண்ட் போன்ற மாடல்களுக்கு வேண்டிய பல பாகங்களைத் தன் ஆலையிலேயே கடைந்து, பெயின்ட் அடித்துப் பொருத்தியது. அந்த வேலைப்பாட்டின் நேர்த்தி இன்றும் கண்ணில் படுகிறது. டேங்க்கோ மட்கார்டோ நசுங்கினால் அதே பாகம் கடையில் கிடைக்காது என்பதே அதன் மறுபக்கம். விழுந்து எழுந்த வண்டி என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

பிக் டாக்கின் பலவீனம் மின்சாரத்தில் இருக்கிறது. விளக்கு, இண்டிகேட்டர், ஸ்டார்ட்டர், இக்னிஷன் அனைத்தையும் ஒரே எலெக்ட்ரானிக் பெட்டி கட்டுப்படுத்துகிறது. அது செயலிழந்தால், எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டி நகராது. ஆனால் கம்பெனி மூடியபின்பும் விச்சிட்டாவிலேயே பாகமும் சர்வீஸும் தரும் வழித்தோன்றல் நிறுவனம் ஒன்று தொடர்ந்தது. வண்டிகள் எண்ணிக்கையிலும் அதிகம் என்பதால், இந்தப் பெட்டிக்கு மாற்று கண்டவர்களும் அதிகம். மாஸ்டிஃப், கே-9, பிட்புல் என எந்த மாடலானாலும், பெட்டி மாற்றப்பட்டதற்கான ரசீது வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு நான் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பேன்.

பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கலாம். குளிர்ந்திருந்தால்தான் சோதனைக்கு மதிப்பு. 1,900 சிசியைத் தாண்டும் 117 கன அங்குல எஞ்சினைச் சுழற்றுவது ஸ்டார்ட்டருக்கும் பேட்டரிக்கும் கடும் சுமை என்பதால், பொத்தானை அழுத்தியதும் பல் அரைபடும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, சூடான நிலையில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி இங்கே தடுமாறுவதுண்டு.

பிறகு குனிந்து பின்டயரின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். அதில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 0807 என்றால் 2007-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்தது. இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் கராஜில் நின்றே வயதானவை ஆதலால், பட்டன் தேயாத டயரைக் காட்டி 'புதுசு மாதிரி' என்று சொல்லப்படுவது வழக்கம். தேயாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். 250 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான டயரைச் செய்பவர்கள் சிலரே. அந்தச் செலவைப் பேரத்திலேயே கழித்துவிட வேண்டும்.

தாள்களிலும் ஒரு சாதகம் உண்டு. இவை தொழிற்சாலை வண்டிகள் என்பதால் முறையான 17 இலக்க அடையாள எண்ணோடு, நிறுவனப் பெயரிலும் ஆண்டிலும் பதிவாகின்றன. தனியார் பட்டறையில் கோத்த சாப்பருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது வரும் சிக்கல் இவற்றுக்குக் குறைவு. ஆனால் பழைய ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதேனும் நிலுவையில் இருந்தால், அதை இலவசமாகச் சரிசெய்யக் கம்பெனி இல்லை. ஃப்ரேம் எண்ணைக் கொண்டு தேடிப் பார்த்து, அந்த வேலை முடிந்திருப்பதை ரசீதில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டும் ஒரே விலையில் வந்தால், 117 எஞ்சின் கொண்ட பிக் டாக்கையே எடுப்பேன். விழாத, பாகம் எதுவும் குறையாத அயர்ன்ஹார்ஸ் தெளிவாகக் குறைந்த விலைக்கு அமைந்தால், மிச்சமாகும் பணத்தை வயரிங் முழுவதையும் புதிதாக இழுக்க ஒதுக்கி வைத்துவிட்டு அதை வாங்குவேன்.