பீன்ஸுக்கு வேலி இருந்தது, எனக்கு இல்லை: கொடைக்கானலில் டென்ட் புக் பண்ணப் போகிறவர்களுக்கு

"சோலைக்காட்டுக்குள் ஒரு ராத்திரி. தனி ஆளும் வரலாம். வனத்துறை அனுமதியுடன்." இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன ஜனவரியில் அதை நம்பி 4,838 ரூபாய் கட்டிப் போய்வந்தவன் நான். ஆள் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பயனில்லை, அந்தப் பக்கத்தின் பெயர் அடிக்கடி மாறுகிறது. மாறாத அடையாளங்களை மட்டும் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 43. அடுத்தவர் நீட்டும் பில்லில் ஓட்டை தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பழனி, சபரிமலை, குலதெய்வக் கோயில் என்று எங்கே போனாலும் இருபது பேர் கூடவே வருவார்கள். ஒரே ஒரு ராத்திரி, யாரும் பேசாத இடத்தில், காட்டில் தனியாகப் படுக்க வேண்டும் என்று பல வருட ஆசை. "உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குதுங்க?" என்று கேட்ட வீட்டம்மாதான் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தாள்.

பில் வாட்ஸ்அப்பில் வந்தது. டென்ட் 1,800, சாப்பாடு 700, ராத்திரி முழுக்கக் கூடவே இருக்கும் கைடு 1,000, வனத்துறை பெர்மிட் 600. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பின்னாலேயே க்யூஆர் கோடு போட்ட ஒரு பிடிஎஃப். "இதான் பெர்மிட் ப்ரோ, போன்ல வச்சுக்கங்க." பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு, அதுவும் நான் பேசிய ஆளின் பெயரில் இல்லை. கம்பெனிக்கு இப்படி ஒரு பில் வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கொடைக்கானலில் இறங்கி பூம்பாறை பஸ் பிடித்தேன். அடுக்கடுக்காய் மலைப்பூண்டு வயல்கள் தெரியும் அந்த வளைவில் மனசு நிறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஜீப்பில் அரை மணி நேரம். ஓட்டியவன் பத்தொன்பது இருபது வயசுப் பையன். நிறுத்திய இடத்தில் சோலையும் இல்லை, ஓடையும் இல்லை. ஒரு பீன்ஸ் தோட்டம், அதைச் சுற்றி சோலார் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாய் யூக்கலிப்டஸ். டென்ட் வேலிக்கு வெளியே இருந்தது. அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. டென்ட் முன்னால் பையை வைத்து ஒரு போட்டோ எடுத்து, சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் ஏறி ஏஜென்டுக்கு அனுப்பினேன். "செமயா இருக்கு ப்ரோ, என்ஜாய்" என்று பதில் வந்தது. அவரோடு என் கடைசி உரையாடல் அதுதான்.

பையன் ஒரு இரும்புச் சட்டியில் கரி மூட்டி, மசாலா தடவிய கோழியைச் சுட்டுக் கொடுத்தான். ஏழரைக்கு ஜீப்பில் ஏறினான். "கைடு எங்கப்பா?" என்றேன். "நான்தான் சார் கைடு. காலையில எட்டு மணிக்கு வந்துருவேன். ரொம்பக் குளுந்துச்சுன்னா அந்தக் கரிச்சட்டிய உள்ள இழுத்து வச்சுக்கங்க சார், கதகதன்னு இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பதிவையே எழுதுகிறேன். மற்றதெல்லாம் காசு போன கதை.

டென்ட் ஒற்றைத் துணி. மேலே போர்த்தும் இரண்டாவது உறை இல்லை. நம் மூச்சில் இருக்கும் ஈரம் அந்தத் துணியில் பட்டுக் குளிர்ந்து உள்பக்கமே சொட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கீழே விரிக்க யோகா பாய். உடம்புச் சூட்டை மேலே இருக்கும் குளிரைவிடத் தரைதான் அதிகம் உறிஞ்சுகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளில் 15 டிகிரி வரை என்று இருந்தது. ஜனவரியில் மன்னவனூர்ப் பக்கமெல்லாம் உறைபனி விழும் ஊர் அது. பதினொரு மணிக்குப் பல் கிட்டிக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். புல்லைப் பிடுங்கி மெல்லும் சத்தம், நடுநடுவே பெருமூச்சு. துணியில் ஒரு விரற்கடை ஓட்டை இருந்தது, அதன் வழியே பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போல நாலு கால். காட்டுமாடு. வளர்ந்த கடா ஒரு டன் எடை வரை வரும். அவை தோட்டத்துக்குள் போகக் கூடாதென்று வேலி போட்டிருக்கிறார்கள். அவை நடக்கிற தடத்தில் என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள். டார்ச் அடிக்கவில்லை, இருமலை விழுங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரமோ என்னவோ, அவை போய்விட்டன. வயநாடு மேப்பாடியில் 2021 ஜனவரியில் டென்டில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றது ஞாபகம் வந்தது. அந்த ரிசார்ட்டுக்கும் உரிமம் இல்லை என்று பேப்பரில் படித்திருந்தேன்.

ஒரு மணி வாக்கில் குளிர் தாங்காமல் கரிச்சட்டியை இழுத்து டென்ட் வாசலுக்குள் வைத்துவிட்டேன். புகையே இல்லை, செக்கச்செவேல் என்ற கனல் மட்டும். பையன் சொன்னது சரிதான், கதகதப்பாக இருந்தது. ஜிப்பைப் பாதி இழுத்துவிட்டேன். தூக்கம் சொக்கியது. இதே கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் சிக்கன் சுட்ட கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவே இல்லை என்ற செய்தி எப்படியோ தலைக்குள் வந்தது. கனலில் புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது, தலை கனத்துத் தூக்கம்தான் வரும். அந்தத் தூக்கம் குளிருக்கு வந்ததா, கரிக்கு வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சட்டியைக் காலாலேயே வெளியே தள்ளினேன். ஷூ நுனி உருகியது. விடிகிற வரை எள்ளுருண்டையும் நானும்தான்.

ஆறரைக்கு வந்தது ஜீப் பையன் அல்ல, வனக்காப்பாளர். பெர்மிட் இருக்கிறது என்று தெம்பாகப் போனை நீட்டினேன். பார்த்தவர் சிரித்தார். "சார், இது இ-பாஸ்." 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருகிறவர்கள் எடுக்கிறார்களே, அது. ஆன்லைனில் இலவசம். அரசு பஸ்ஸில் வந்த எனக்கு அது தேவையே இல்லை. அதில் யாருடைய கார் நம்பரோ இருந்தது. இதற்குத்தான் 600 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு.

எல்லைக் கல்லைக் காட்டினார். டென்ட் கல்லைத் தாண்டி முப்பது அடி உள்ளே, காப்புக்காட்டில் இருந்தது. "குரங்கணிக்கு அப்புறமும் இப்படி வர்றீங்களே சார்" என்றார். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன். மொத்தப் பயணத்தில் ஒழுங்கான ரசீது அது ஒன்றுதான். அவரே பூம்பாறை வரை பைக்கில் கொண்டுவந்து விட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

முறையாகக் காட்டுக்குள் நடக்க அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளம் 2024 அக்டோபரில் வந்துவிட்டது. தொடங்கியபோது நாற்பது பாதைகள், கூடவே வழிகாட்டி, பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டும். ஆக, "காட்டுக்குள்ளே டென்ட், பெர்மிட் நாங்க பார்த்துக்கறோம்" என்று தனியார் ஒருவர் சொன்னால், எந்த வனச்சரகம் கொடுத்த அனுமதி, யார் பெயரில், எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். பட்டா நிலத்தில் டென்ட் என்றால் சர்வே நம்பர் கேளுங்கள். என் ஆளிடம் இப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே என்னை பிளாக் பண்ணியிருப்பார், எனக்கும் 4,838 மிச்சமாகியிருக்கும்.

ஊருக்கு வந்து மேஜையில் பில்லை விரித்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 இலக்கம் வேண்டும். இதில் 14தான். தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும், இது 38இல் தொடங்குகிறது. அது லடாக். பழனி மலைக்குப் பக்கத்து ஊராக்கும்! ஆபீஸ் ஜூனியர்களிடம் இதைக் காட்டவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கரிச்சட்டி விஷயத்தைத் தனியாகக் குறிப்பிட்டேன். கொடைக்கானல் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபால் போட்டாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.

போன வாரம் அதே விளம்பரம் வேறொரு பெயரில் வந்தது. நான் அனுப்பிய போட்டோவைத்தான் போட்டிருக்கிறார்கள். டென்ட் முன்னால் ஒரு பழுப்புப் பை, பக்கத்தில் எவர்சில்வர் டப்பா, மேலே "எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று எழுத்து. அந்தப் பை என்னுடையது. டப்பாவில் இருந்தது எள்ளுருண்டை.